மற்றவன் கை வச்ச போல்ட்

எங்கட தொழில்ல போல்ட் கழட்டுறது வேலையே இல்ல, மற்றவன் கழட்டப் போய்க் கெடுத்து வச்ச போல்ட்டைக் கழட்டுறதுதான் வேலை.

குருக்கள்மடத்தில மெயின் ரோட்டோரம் கராச் போட்டு இருபத்திரெண்டு வருசம். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் ஆறு. வாவி எண்டு புத்தகத்தில எழுதுவாங்க, நாங்க ஆறு எண்டுதான் சொல்றது. ரெண்டு பக்கத்தாலயும் உப்புக் காத்து வரும். புது நட் ஒண்டை வெளியில வச்சா மூண்டு மாசத்தில மஞ்சள் பூசிக் குளிச்ச மாதிரி நிக்கும். அதுக்கு நான் கோபப்படுறல்ல. காத்தோட ஆர் சண்டை பிடிக்கிற? எனக்குக் கோபம் வாறது மனிசரைப் பாத்துத்தான்.

கராச்காரர், ஓட்டோக்காரர், மெசின்காரர், தேஞ்ச நட் ஒண்டுக்கு முன்னால குந்திக்கொண்டு எவனையோ திட்டிக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் இத எழுதுறன். நீங்களும் பட்டிருப்பீங்க. நான் பட்டதில சிலது சிரிக்கலாம். கடைசியில ஒரு வான் வரும். பதினாலு பள்ளிக்கூடப் பிள்ளையள் போற வான், அதுல ஒரு பிள்ளை என்ட மகள். அதாலதான் எழுத இருந்தன்.

போடியாரும் பதினேழாம் நம்பரும்

பழுகாமத்துப் போடியார் ஒருத்தர். வட்டையில முப்பது ஏக்கர் வேளாண்மை செய்றவர். வெட்டுத் தொடங்கி ரெண்டாம் நாள் அவர்ட லேண்ட்மாஸ்டரை, ரெண்டு சில்லு உழவு மெசினை, இன்னொரு மெசின்ல கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிப்பாட்டினார். பெல்ட் மாத்த வேணுமாம். அதுக்கு ஒரேயொரு பதினேழாம் நம்பர் போல்ட்டைக் கழட்டினாக் காணும். குனிஞ்சு பாத்தன். போல்ட்டுக்குத் தலை கிடக்கு, மூலை இல்ல. ஆறு மூலையும் வழிச்சு, கொட்டைப்பாக்கு மாதிரி உருண்டு கிடக்கு.

"எதால திருப்பினீங்க?" எண்டு கேட்டன். மனிசன் இடுப்பில இருந்து ஒரு ஸ்பனரை உருவிக் காட்டினார். வாய கூட்டிக் குறைக்கிற ஸ்பனர்! அறுவான், அந்தச் சாமான ஆர் கண்டுபிடிச்சானோ தெரியா. தண்ணிப் பைப்புக்கு அது சரி. துருப் பிடிச்ச போல்ட்டுக்கு அது சரிவருமா? வாய் ரெண்டு பக்கத்தில மட்டும் பிடிக்கும், கொஞ்சம் பலம் குடுத்தா வாய் விரியும், விரிஞ்சா வழுக்கும், வழுக்கினா மூலை போகும். பதினேழாம் நம்பர் போல்ட்டுக்குப் பதினேழாம் நம்பர் ரிங் ஸ்பனர். சுத்திவரப் பிடிக்கும். இத விளங்கிறதுக்குக் கம்பஸ்ஸுக்கா போய்ப் படிக்கோணும்? மூலை போன பிறகு குறடால கடிச்சிருக்கிறார். குறடும் சரிவரல்லயெண்டு உளியை வச்சு அடிச்சிருக்கிறார்.

உருண்ட தலைக்கு மேல ஒரு புது நட்டை வச்சு வெல்டிங் பிடிச்சு, அந்தச் சூடு ஆற முன்னம் திருப்பினன். பல்லுப் பிடுங்கின மாதிரி வந்திச்சு. அஞ்சு நிமிச வேலைக்கு ரெண்டு மணித்தியாலம். அங்க வட்டையில வேளாண்மை சாஞ்சு கிடக்கு, மேற்கால மழை கறுக்குது, நான் வாய்க்கு வந்தபடி கத்திக்கொண்டு வேலை செய்றன். போடியார் ஆறுதலா வெத்திலையை மடிச்சு வாயில போட்டுக்கொண்டு சொன்னார்: "நீ என்னத்துக்கு மனே இந்தக் கத்துக் கத்துற? நான் மூலையத்தான் தேய்ச்சன், போல்ட் வச்ச மாதிரியே கிடக்கு."

ஆத்துல இறங்கிற ஓட்டோ

அந்தோனி ஆத்துல வலை போடுறவன். மீன் ஏத்த ஒரு ஓட்டோ வச்சிருக்கிறான். ஒவ்வொரு நாளும் மீன் வித்து முடிஞ்சா, ஓட்டோவை ரிவேர்ஸ்ல ஆத்துக்குள்ள இறக்கி, சில்லு பாதி தாழ நிப்பாட்டிவச்சுக் கழுவுவான். மீன் வாடை போகோணுமாம். இருபது தரம் சொல்லிட்டன். "அந்தோனி, அது உப்புத் தண்ணி. கிணத்துத் தண்ணியில கழுவு." தலையை ஆட்டுவான். அடுத்த நாளும் அங்கதான் நிப்பான்.

பின் சொக்கப்சோர்பர் உடைஞ்சு போச்சு. மாத்துறதுக்கு ஒரு நீட்டுப் போல்ட்டை உருவோணும். அது குழாயோட குழாயாத் துருவில ஒட்டிக் கிடக்கு. சரி, எண்ணெய் விட்டு ஊறப் போடலாமெண்டு பாத்தா, அதுக்கு முன்னமே இவன் வீட்டில வச்சு நட்டைக் கழட்டி எறிஞ்சிட்டு, போல்ட் நுனியில கொங்கிறீட் உடைக்கிற சுத்தியலால அடிச்சிருக்கிறான். புரியெல்லாம் மடிஞ்சு, நுனி காளான் மாதிரி விரிஞ்சு கிடக்கு. இனி அது எந்தப் பக்கத்தாலயும் வராது. அடிக்கத்தான் வேணுமெண்டா நட்டை முழுக்கக் கழட்டப்படாது. நுனியோட மட்டமா நிப்பாட்டிப் போட்டு, நட்டோட சேத்து அடிக்கோணும். நட்டுச் செத்தாலும் போல்ட் தப்பும். அதுவும் சும்மா ஓங்கி அடிக்கிறதில்ல. எண்ணெய் விட்டு, ஒரு நாள் விட்டு, சின்னச் சின்னத் தட்டாத் தட்டி, துருவை உதிர வைக்கோணும். இவனுக்கு அந்தப் பொறுமை எங்க கிடக்கு?

கடைசியில இரும்பு அறுக்கிற வாளால அறுத்துத்தான் எடுத்தன். ரெண்டு பக்கமும் அறுத்து, நடுத்துண்டை ஒரு கம்பியை வச்சுத் தட்டி, என்ட முதுகு முறிஞ்சு போச்சு. அறுத்த துண்டை அவன்ட மூக்குக்கு நேர நீட்டி, "பாத்தியா? இது உன்ட ஆறு செய்த வேலை" எண்டு கத்தினன். அந்தோனிக்கு ரோசம் வந்திட்டு. என்னை மேலயும் கீழயும் பாத்திட்டுச் சொன்னான்: "மீனே ஆயுசு முழுக்க அந்தத் தண்ணிக்குள்ள கிடக்கு பாஸ், இரும்பு அரை மணித்தியாலம் கிடக்காதா?"

பன்னிரண்டு மூலை

எங்கட பக்கத்தில கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் சாமான் கேட்டா இல்லையெண்டு சொல்ற வழக்கமில்ல. கதிரை குடுக்கோணும், கிடாரம் குடுக்கோணும், கராச்காரன் ஸ்பனர் குடுக்கோணும். ரெண்டு வீடு தள்ளித் தம்பிராசா அண்ணன்ட மகளுக்குக் கலியாணம். பந்தல் பைப்புக்குக் கிளாம்ப் இறுக்க இருபத்தொராம் நம்பர் சொக்கற் கேட்டார். சொக்கற் எண்டா நட்டுக்கு மேல தொப்பி மாதிரி மூடிப் பிடிக்கிற சாமான். என்னட்ட இருந்தது உள்ளுக்குள்ள ஆறு மூலை வெட்டினது. நட்டுக்கும் ஆறு மூலை, அதுக்கும் ஆறு மூலை, பக்கத்துக்குப் பக்கம் அணைஞ்சு பிடிக்கும். எவ்வளவு துருப் பிடிச்ச நட்டையும் வழுக்காமக் கழட்டும். மனசில்லாமத்தான் குடுத்தன்.

கலியாணம் முடிஞ்சு மூண்டாம் நாள் சாமான் வந்திச்சு. நான் பாக்காமப் பெட்டிக்குள்ள போட்டிட்டன். அது என்ட பிழை. திங்கக்கிழமை ஒரு கார் சில்லு நட்டில மாட்டி இழுத்தன். கிடுக்கெண்டு வழுக்கி, கை போய்ச் சில்லு றிம்ல அடிச்சு, நாலு விரல் முட்டியிலயும் தோல் உரிஞ்சு போச்சு. எடுத்துப் பாத்தா என்ட சாமானில்ல! எங்கயோ சந்தையில வாங்கின பன்னிரண்டு மூலைச் சொக்கற். அது மூலையில மட்டும்தான் தொடும். லேசான வேலைக்குச் சரி, இறுகின நட்டுக்கு வச்சா நட்டையும் தின்னும், கையையும் தின்னும்.

ரத்தம் வடிய வடிய அவர்ட வீட்டுக்குப் போனன். புது மாப்பிள்ளை விறாந்தையில இருக்கிறான் எண்டும் பாக்காமக் கத்தினன். அவங்க என்ன இருத்தி, கையில துணி சுத்தி, பலகாரத் தட்டை நீட்டுறாங்க. என்ட சொக்கற் பந்தல்காரனோட போயிட்டாம், அதுக்குப் பதிலா அவன்ட பெட்டியில கிடந்ததை எடுத்துத் தந்தாராம். ஏமாத்தினது எண்டு ஒரு துளி வெக்கமும் இல்லாமத் தம்பிராசா அண்ணன் சொன்னார்: "உன்டதுல ஆறு மூலை, இதுல பன்னிரண்டு. கூடத்தானே தந்திருக்கன் தம்பி?"

கனடாவில இருந்து வந்த யோசனை

உன்னிச்சைக் குளத்துப் பக்கத்தில ஒருத்தர் சின்ன லொறி வச்சிருக்கிறார், நெல் ஏத்த. லொறி என்ட கராச்சுக்கு வரேக்க ஒரு பக்கம் பெயின்ற் கொப்பளிச்சு, அடியில வயரெல்லாம் உருகித் தொங்கிக்கொண்டு வந்திச்சு. எங்கயோ நெருப்புப் பிடிச்சிட்டு எண்டு நினைச்சு, "ஆக்களுக்கு ஒண்டுமில்லயே?" எண்டுதான் முதல்ல கேட்டன். ஒண்டுமில்லயாம். சைலன்சர் போல்ட் ரெண்டு கழட்டினவராம்.

நடந்தது இதுதான். அவர்ட மச்சான் கனடாவில. போன்ல வீடியோவில நிண்டு, இறுகின போல்ட்டைச் சூடாக்கினா இளகும் எண்டு சொல்லிக் குடுத்திருக்கிறார். சொன்னது பிழையில்ல, சூடாக்கிறது நல்ல வேலைதான். ஆனா நட்டை மட்டும் சூடாக்கோணும், சின்னச் சுவாலையால, பக்கத்தில எண்ணெய்ப் பைப், வயர், றப்பர் கிடந்தா எல்லாத்தையும் அகத்திப்போட்டு, வாளியில மண்ணும் வச்சுக்கொண்டு. இந்தப் பெரிய மனிசன் லொறிக்குக் கீழ தேங்காய்ப் பொச்சு மட்டையைக் குவிச்சு, மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தியிருக்கிறார்! மேல டீசல் ராங்கி! அக்கம் பக்கத்துப் பொம்பிளையள் குடத்தோட ஓடி வந்து ஊத்தாட்டி லொறியுமில்ல, வீடுமில்ல, இவருமில்ல. "உனக்கு மண்டைக்குள்ள என்ன கிடக்கு?" எண்டு கேட்டன். பிள்ளைகுட்டிக்காரனை அப்படிக் கேக்கப்படாது, தெரியும். கேட்டுப்போட்டன். அவர் கோவிக்கவுமில்ல. பொறுமையா எனக்கு விளங்கப்படுத்தினார்: "அந்த வீடியோவில காஸ் சுவாலையால காட்டினாங்க, எங்கட வீட்டில அது இல்ல, பொச்சு மட்டைதான் கிடந்திச்சு."

மூண்டு நட்டில ஓடின வான்

இனி வான்.

ஜெயந்தன் என்ட மனிசிட தம்பி. பதினாலு பிள்ளையளை ரவுண் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தி இறக்கிறான். நல்ல பொடியன், குடி வெறி ஒண்டுமில்ல, பிள்ளையள் மாமா மாமா எண்டு உயிரை விடும். ஒரு புதன்கிழமை பின்னேரம் கராச்சுக்கு முன்னால வானை நிப்பாட்டி என்ட மகளை இறக்கினான். மகள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ள வாறா, நான் சும்மா வானைப் பாத்தன். இடது பக்கப் பின் சில்லில அஞ்சு நட் இருக்கோணும். மூண்டுதான் கிடக்கு. மற்ற ரெண்டு இடத்திலயும் நட் பூட்டுற தண்டு, நாங்க ஸ்டட் எண்டு சொல்றது, அடியோட முறிஞ்சு கிடக்கு.

இது என்ன எண்டு ஜெயந்தனைக் கேட்டன். திங்கக்கிழமை கிரான்குளத்தில சில்லுக் காத்துப் போனதாம். வானில கிடந்த எல் சாவியால, சில்லு நட் கழட்டுற வளைஞ்ச பிடியால, நட் அசையல்லயாம். பக்கத்தில வீடு கட்டுற மேசன்மாரிட்ட இரும்புப் பைப் ஒண்டு வாங்கி, சாவியில மாட்டி, மேல ஏறி நிண்டு குதிச்சானாம். ரெண்டு முறிஞ்சிட்டாம். மிச்சம் மூண்டையும் பூட்டிக்கொண்டு வந்திட்டானாம். திங்கள், செவ்வாய், புதன். மூண்டு நாள், பதினாலு பிள்ளையள், கல்லடிப் பாலம், பஸ்ஸும் லொறியும் விரட்டிக்கொண்டு ஓடுற றோட்டு. நான் கத்தின கத்தில எதிர்க் கடைக்காரர் வெளியில வந்து பாத்தார். "எண்ணெய் விட்டியா? இல்ல. கம்பிப் புருசால தேய்ச்சியா? இல்ல. எனக்கு ஒரு போன் எடுத்தியா? அதுவுமில்ல. பைப்! பைப்பைப் போட்டு ஏறிக் குதிக்கிறவனெல்லாம் வாகனத்தில கை வைக்கிறான்!" ஜெயந்தன் மெல்லமாச் சொன்னான்: "மோட்டர்சைக்கிள் சில்லு ஒத்த நட்டில ஓடுது அத்தான், எனக்கு மூண்டு கிடக்குத்தானே."

பெத்தவங்க வந்தாங்க

சாவியைப் பறிச்சன். வானை ஜக்கில ஏத்தினன். புது ஸ்டட் போடாம இது ஒரு அடி நகராது எண்டு சொல்லிட்டன். அடுத்த நாள் பிள்ளையளுக்குத் தவணைப் பரீட்சை. ஜெயந்தன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்து, நாளைக்கு வான் வந்தாலும் வரும், வராமலும் போகும் எண்டு சொல்லிட்டான். முதல்ல என்ட மனிசி போன்ல ஏசினா. தம்பிட பிழைப்பில மண் போடுறனாம். மறுகா அரை மணித்தியாலத்துக்குள்ள ஆறு ஏழு பேர் கராச்சுக்கு முன்னால வந்து நிண்டாங்க. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக் கிடந்திச்சு. பெத்தவங்க வந்திட்டாங்க, இனி ஜெயந்தனுக்கு நல்லாக் கிடைக்கும் எண்டு நினைச்சன்.

எனக்குத்தான் கிடைச்சிச்சு! வானை விடட்டாம். நாளைக்கு ஒரு நாள் ஓடட்டாம். மூண்டு நாள் ஓடினது நாலாம் நாள் ஓடாதா எண்டு ஒருத்தர் கணக்குக் கேட்டார். முறிஞ்ச இடத்தைக் கையால தொட்டுக் காட்டினன். பாத்தாங்க, "ஓம், முறிஞ்சுதான் கிடக்கு" எண்டாங்க, மறுகாவும் வானை விடட்டாம். அண்டைக்கு வந்த கோபம் எனக்கு வாழ்க்கையில வந்ததில்ல. "பேனைக்கு மை இல்லாட்டிப் பிள்ளையைப் பரீட்சைக்கு விடமாட்டீங்க, சில்லுக்கு நட் இல்லாட்டி விடுவீங்க, என்ன?" எண்டு கேட்டன். வசந்தி ரீச்சர் முன்னுக்கு வந்தா. அவட ரெண்டு பிள்ளையள் இந்த வான்ல போறவை. படிப்பிக்கிற குரல்ல, எனக்கு விளங்கோணும் எண்டு ஆறுதலாச் சொன்னா: "பரீட்சை மறுகா வைக்கமாட்டாங்க பாஸ். சில்லை நாளைக்குப் பின்னேரம் மாத்தினாலும் சில்லுத்தானே."

ஒத்தக் கையால

நான் கம்பிப் புருசை எடுத்து மூண்டு நட்டையும் தேய்ச்சன். எண்ணெய் விட்டு ஊற விட்டன். ஒருத்தரும் போகல்ல, சுத்திவர நிண்டு பாத்துக்கொண்டிருந்தாங்க. பந்தல்காரனைத் தேடிப் பிடிச்சு வாங்கின ஆறு மூலைச் சொக்கற்றை மாட்டினன். நீட்டுப் பிடி போடல்ல, கட்டைப் பிடிதான் போட்டன். இறுகின நட்டை ஒரேயடியா இழுக்கப்படாது. ஒரு மயிரளவு முன்னுக்கு, ஒரு மயிரளவு பின்னுக்கு, துரு விடுற வரைக்கும் ஆட்டோணும்.

முதலாவது வந்திட்டு. ரெண்டாவதும் வந்திட்டு. மூண்டாவதில ஒத்தக் கையை வச்சுச் சும்மா அசைச்சன். டக்கெண்டு ஒரு சத்தம். நட்டும் ஸ்டட் துண்டும் சொக்கற்றுக்குள்ளயே வந்திட்டு. பலமே குடுக்கல்ல, போத்தல் மூடி திறக்கிற பலம் கூட இல்ல. அப்ப இந்த வான் ரெண்டரை நட்டிலதான் கல்லடிப் பாலத்தால வந்திருக்கு, என்ட மகள் உள்ள இருக்க. சொக்கற்றைக் கவிழ்த்து அந்தத் துண்டை வசந்தி ரீச்சர்ட உள்ளங்கையில போட்டன். அவ அதைப் பாத்தா. வானைப் பாத்தா. படிப்பிக்கிற குரல் எங்கயோ போச்சு: "என்ட பிள்ளையள் ரெண்டும் அந்தச் சில்லுக்கு மேல உள்ள சீட்லதான் இருக்கிறதுகள்."

ஆர் இறுக்கினது

அதுக்குப் பிறகு ஒருத்தரும் வானை விடச் சொல்லல்ல. ஒரு தகப்பன் தன்ட மோட்டர்சைக்கிள்ல களுவாஞ்சிக்குடிக்குப் போய், கடை பூட்ட முன்னம் அஞ்சு ஸ்டட்டும் அஞ்சு நட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். நான் டிறம்மைக் கழட்டி, பழசுகளைத் தட்டி எடுத்துத் தகரத்தில வரிசையா வச்சன். அப்பதான் வடிவாப் பாத்தன். இது துருவால முறிஞ்சதில்ல. அஞ்சிலயும் புரி இழுபட்டு, நடுவில ஒடுங்கிக் கிடக்கு. அளவுக்கு மேல இறுக்கினாத்தான் இப்படி இழுபடும். ஆரோ ஒருத்தன் இந்த நட்டுகளைப் பேய்த்தனமா இறுக்கியிருக்கிறான். அதாலதான் கிரான்குளத்தில இவனால கழட்ட ஏலாமப் போச்சு, அதாலதான் ஏறிக் குதிக்க முறிஞ்சிச்சு.

எனக்குத் திரும்பக் கோபம் ஏறிட்டு. "எந்தப் பேயன் இத இறுக்கினது?" எண்டு எழும்பி நிண்டு கத்தினன். "ரயர் கடைக்காரனா? சொல்லுடா! பதினாலு பிள்ளையளைக் கொல்லப் பாத்திருக்கிறான், அவன் எவனெண்டு சொல்லு, இப்பவே போவம்!" தகப்பன்மாரும் சேந்து கத்துறாங்க. அந்த மோட்டர்சைக்கிள்காரர் ஸ்டாட்டே பண்ணிட்டார். ஜெயந்தன் புது நட்டுகளைத் துணியால துடைச்சபடி குந்திக்கொண்டிருந்தான். "வாயில கொழுக்கட்டையா? சொல்லன்!" எண்டு அவனையும் ஏசினன். "ஞாபகமில்ல அத்தான்" எண்டான். ஞாபகமில்லாதவனெல்லாம் ஏன் வான் ஓடுறான் எண்டு அதுக்கும் நாலு பேச்சுக் குடுத்தன். எல்லாருக்கும் முன்னால.

பொழுது பட முன்னம் சில்லு ஏறிட்டு. ஆக்களெல்லாம் எனக்கு நன்றி சொல்லிக் கையைப் பிடிச்சிட்டுப் போனாங்க. ரீச்சர் கண்ணைத் துடைச்சுக்கொண்டு போனா. ஜெயந்தன் மட்டும் நிண்டான். "தை மாசம் இந்தச் சில்லுக்குப் பிறேக் செய்து தந்தது ஞாபகமிருக்கா அத்தான்?" எண்டு கேட்டான். ஞாபகம் வந்திட்டு. அண்டைக்குக் காலையில மனிசியோட பெரிய சண்டை. சோறும் தின்னாம வந்து, இந்தச் சில்லைப் பூட்டி, பிடியில பைப்பை மாட்டி, அதுக்கு மேல நான் ஏறி நிண்டு மிதிச்சன். இவன் பக்கத்தில நிண்டு, "காணும் அத்தான், காணும்" எண்டு சொன்னவன். எனக்குத் தொழில் சொல்லித் தாறியா எண்டு அவனையும் ஏசினன். நான் வாய் திறக்க முன்னம் அவன் சாவியை எடுத்துக்கொண்டு வான்ல ஏறிட்டான். வான் யன்னலால தலையை நீட்டிச் சொன்னான்: "ஆக்களுக்கு முன்னால சொன்னா, மறுகா உங்கட கராச்சுக்கு ஆர் அத்தான் வருவாங்க?"

என்ட கோபம் இன்னும் குறையல்ல, ஆனா இப்ப அத நட் கழட்டுறதுக்கு மட்டும்தான் பாவிக்கிறன், இறுக்கிறதுக்கு ஜெயந்தனைக் கூப்பிடுறன்.